தீர்ந்தும் தீராத பாட்டரி



உங்கள் வீட்டில் எத்தனை பாட்டரிகள் உள்ளன என்று யாரேனும் கேட்டால், மூன்றோ நான்கோ என்றுதான் நம்மில் பலரும் விடை கூறுவோம். அறை அறையாகச் சென்று எண்ணிப் பார்த்தால்தான் உண்மை புலனாகும். சுவர்க் கடிகாரத்தில் ஒன்று; தொலைக்காட்சி, குளிர்சாதனம் ஆகியவற்றின் ரிமோட்டுகளில் இரண்டிரண்டு; டார்ச் விளக்கில் இரண்டு அல்லது மூன்று; குளியலறையில் காஸ் கீசர் இருந்தால் அதில் இரண்டு பெரிய கட்டைகள்; குழந்தையின் பேசும் பொம்மையில் மூன்று; பெரியவருக்கு இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியில் நான்கு; சர்க்கரை பார்க்கும் கருவியிலும், காய்ச்சல் பார்க்கும் கருவியிலும் காசு போன்ற சிறு வட்டங்கள்; ஆளுக்கொரு கைபேசியில் ஒவ்வொன்று. மின்சாரம் போனால் விளக்கெரிய இன்வெர்ட்டர் வைத்திருந்தால், அதற்கெனத் தனியே ஒரு பெரிய பாட்டரி. கூட்டிப் பார்த்தால் இருபதுக்குக் குறையாது.

இத்தனை பாட்டரிகளோடு ஒரே வீட்டில் குடியிருக்கும் நாம், அவற்றைப் பற்றி நினைப்பதெல்லாம் கருவி நின்றுபோகும் அந்த ஒரு நிமிடத்தில்தான். அப்போதும், "பாட்டரி தீர்ந்துவிட்டது" என்று சொல்லி, கடைக்குச் சென்று, கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கி வந்து போட்டுவிடுகிறோம். மொழி வேறான ஊரில் குடியேறி வாழ்கின்ற நமக்கு, கடைக்காரரிடம் நின்று விவரம் கேட்பதும் சில சமயம் எளிதாக இருப்பதில்லை. ஆகவே பாட்டரியைத் தேர்ந்தெடுப்பது, மாற்றுவது, தீங்கின்றிக் கையாள்வது ஆகியவை பற்றிச் சில செய்திகளை இன்று சொல்ல முற்படுகிறேன். இவையனைத்திற்கும் அடிப்படையான செய்தி ஒன்று உண்டு. தீர்ந்த பாட்டரி, உண்மையில் தீர்ந்த பாட்டரி அன்று என்பதே அது.

இதனை விளங்கிக்கொள்ள, பாட்டரி என்பது யாது என முதலில் பார்ப்போம். மின்சாரத்தைத் தண்ணீர் போல நிரப்பி வைத்த குடம் அது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. இரு வேறு பொருள்களை ஓர் இரசாயனக் கலவையின் இரு புறமும் வைத்தால், அவற்றிடையே நிகழும் மாறுதலால் மின்சாரம் பிறக்கிறது. 1800-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்டா, வெள்ளித் தகடுகளையும் துத்தநாகத் தகடுகளையும் மாறி மாறி அடுக்கி, இடையிடையே உப்பு நீரில் நனைத்த துணியை வைத்து, இவ்வுண்மையை உலகுக்குக் காட்டினார். 1866-இல் பிரெஞ்சு நாட்டு லெக்லாஞ்சே, துத்தநாகத்தையும் மாங்கனீஸ் டை ஆக்ஸைடையும் நவச்சாரக் கரைசலில் வைத்து ஒரு மின்கலம் அமைத்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின் ஜெர்மானியரான காஸ்னர், அக்கரைசலைப் பசையாக்கி, சிந்தாத உலர் மின்கலமாக மாற்றினார். நம் டார்ச் விளக்கில் போடும் சாதாரணக் கட்டை, அந்த வம்சத்தில் வந்ததே.

அந்தக் கட்டையின் வெளிக்கூடு துத்தநாகத்தால் ஆனது. மின்சாரம் தருவதற்காகச் சிறிது சிறிதாகக் கரைந்து செலவாவதும் அதே துத்தநாகந்தான். சமைக்கின்ற பாத்திரமே விறகாகவும் எரிந்துகொண்டிருந்தால் என்ன ஆகும்? ஒரு நாள் பாத்திரம் ஓட்டையாகும். உள்ளே இருப்பது வெளியே வரும். பழைய பாட்டரி கசிவது இதனால்தான். கருவி நின்றுவிட்டதே என்று நாம் அலட்சியமாக இருக்கும்போதும் உள்ளே இந்த மாறுதல் முற்றும் நிற்பதில்லை. தீர்ந்தது என்று நாம் சொல்வதற்கு, அந்தக் கருவி கேட்கும் அளவுக்கு அதனால் கொடுக்க இயலவில்லை என்பதே பொருள். அதனிடம் ஒன்றுமே மிச்சமில்லை என்பது பொருளன்று.

இனி, தேர்ந்தெடுக்கும் முறை. பாட்டரியின் மேலுள்ள உறையில் சிறு எழுத்துகளில் ஒரு குறியீடு இருக்கும். இது உலகப் பொதுவான குறியீடாதலால், தில்லியில் வாங்கினாலும், கொல்கத்தாவில் வாங்கினாலும், மும்பையில் வாங்கினாலும் ஒன்றே. 'பென்சில் செல்' என்று எங்கும் வழங்குகின்ற டபுள் ஏ அளவு பாட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'ஆர் 6' என்று இருந்தால் அது சாதாரணத் துத்தநாக-கார்பன் வகை. 'எல்ஆர் 6' என்று இருந்தால் ஆல்கலைன் வகை. 'எச்ஆர் 6' என்று இருந்தால் மீண்டும் மீண்டும் சார்ஜ் செய்யத்தக்க நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு வகை. உருவத்தில் மூன்றும் ஒன்றே, குணத்தில் வேறு.

சாதாரண வகை விலை மலிவு. சிறிது சிறிதாக மின்சாரம் கேட்கும் கருவிகளுக்கு அதுவே போதும். சுவர்க் கடிகாரமும் ரிமோட்டும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. இவற்றிற்கு அதிக விலை கொடுத்து ஆல்கலைன் வாங்கிப் போட வேண்டிய அவசியமில்லை. ஆனால் மோட்டார் ஓடும் பொம்மை, கையில் பட்டையைக் காற்றடித்து இறுக்கும் இரத்த அழுத்தக் கருவி, புகைப்படக் கருவியின் மின்னல் விளக்கு முதலியவை ஒரே சமயத்தில் அதிகம் கேட்பவை. அவற்றிற்குச் சாதாரணக் கட்டை ஈடுகொடுக்காது, விரைவில் சோர்ந்துவிடும். மலிவென்று வாங்கி, அடிக்கடி மாற்றி, முடிவில் கூடுதலாகவே செலவழிப்போம். இவற்றிற்கு ஆல்கலைனே தகும்.

குழந்தைகள் நாள்தோறும் விளையாடும் பொம்மைக்கு, சார்ஜ் செய்யும் வகை மிகச் சிக்கனமானது. நூற்றுக்கணக்கான தடவை நிரப்பிப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் மின்னழுத்தம் ஒன்றரை வோல்ட்டுக்குப் பதிலாக 1.2 வோல்ட்டே. மேலும், சும்மா இருக்கும்போதே அது தானாகச் சிறிது சிறிதாக வடிந்துவிடும் இயல்புடையது. ஆதலால் ஆண்டுக் கணக்கில் ஓடும் கடிகாரத்திற்கோ, ஆபத்துக்கு உதவட்டும் என்று அலமாரியில் வைத்திருக்கும் டார்ச் விளக்கிற்கோ அதனை நம்புதல் சரியன்று.

அளவைப் பற்றியும் ஒரு சொல். பெரிய டார்ச் கட்டையும், சுண்டுவிரல் பருமனுள்ள டிரிபிள் ஏ பாட்டரியும் தருகின்ற மின்னழுத்தம் ஒன்றே. இரண்டும் ஒன்றரை வோல்ட்டுத்தான். பெரியது அதிக நாள் தாங்கும் என்பதே வேறுபாடு. ஆனால் பென்சில் செல்லைப் போன்ற உருவத்திலேயே 3.7 வோல்ட் தரும் லித்தியம் பாட்டரிகளும் சந்தையில் உள்ளன. அவற்றை ஒன்றரை வோல்ட்டுக் கருவியில் போட்டால் கருவி கெடும். எனவே உருவத்தை மட்டும் பார்த்து வாங்காமல், வோல்ட் எவ்வளவு என்பதையும், பயன்படுத்த வேண்டிய கெடு ஆண்டு எது என்பதையும் படித்துப் பார்த்து வாங்குவது நலம்.

அடுத்து, மாற்றும் முறை. பாட்டரி சோர்வதைக் கருவிகள் நமக்கு முன்கூட்டியே அறிவிக்கின்றன. சுவர்க் கடிகாரத்தின் நொடி முள், ஒன்பது மணி இலக்கத்தின் அருகே மேலே ஏற மாட்டாமல் நின்ற இடத்திலேயே துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தில்தான் முள் தன் எடையைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியிருக்கிறது. பாட்டரிக்கு அதற்கு வேண்டிய வலுவில்லை. ரிமோட்டோ, நாம் உள்ளங்கையில் தட்டினால் மீண்டும் ஒருமுறை வேலை செய்கிறது. தட்டியதால் புதிய மின்சாரம் பிறந்துவிடவில்லை. பாட்டரியின் முனையிலும் தகட்டிலும் படிந்த அழுக்கு சற்றே விலகி, தொடர்பு சரியாயிற்று, அவ்வளவே. ஆகவே புதியது வாங்க ஓடுமுன், பாட்டரிகளை எடுத்து, முனைகளையும் உள்ளிருக்கும் தகடுகளையும் உலர்ந்த துணியால் துடைத்து மீண்டும் போட்டுப் பாருங்கள்.

மாற்றுவது என்று முடிவு செய்தால், ஒரு கருவியிலுள்ள எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுங்கள். ஒரே நிறுவனத்தின், ஒரே வகையான, ஒரே சமயத்தில் வாங்கிய பாட்டரிகளாக இருக்கட்டும். பழையதும் புதியதும் சேர்த்துப் போடுவது சிக்கனம் என்று தோன்றலாம். கொழுத்த மாட்டையும் இளைத்த மாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டுவது எவ்வளவு சிக்கனமோ, அவ்வளவே இதுவும் சிக்கனம். வரிசையாக இணைந்த பாட்டரிகளின் வழியே ஓடும் மின்சாரம் ஒன்றே. இளைத்த பாட்டரி தன் இருப்பு தீர்ந்த பின்னும், கொழுத்த பாட்டரி தன் மின்சாரத்தை அதன் வழியாகவே வலிந்து செலுத்துகிறது. அதனால் இளைத்ததன் உள்ளே வாயு பெருகி, கூடு வெடித்துக் கசிகிறது. கசிந்தால் கெடுவது பழைய பாட்டரி மாத்திரமா? புதியதும் கெடும், கருவியும் கெடும்.

அப்படியானால் அரைகுறையாக மிஞ்சிய பாட்டரிகளை வீணாக எறிந்துவிடுவதா என்று சிக்கனம் தெரிந்த இல்லத்தரசிகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு வழி உண்டு. இரத்த அழுத்தக் கருவிக்குப் போதாதென்று எடுத்த ஆல்கலைன் பாட்டரி, ஒற்றைப் பாட்டரியில் ஓடும் சுவர்க் கடிகாரத்தில் இன்னும் பல வாரங்கள் உழைக்கும். அங்கே அது தனியாக இருப்பதால் கலப்படத்திற்கு இடமில்லை. தீர்ந்த பாட்டரி தீர்ந்ததன்று என்பதை நமக்கு நன்மையாகப் பயன்படுத்திக்கொள்ளும் முறை இது. முள் துடிக்கத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

ஆனால் நம் வீடுகளில் வழங்கிவரும் வேறு இரு சிக்கன முறைகளை விட்டுவிட வேண்டும். சோர்ந்த கட்டையை வெயிலில் காயவைப்பது ஒன்று. பல்லால் கடித்து நசுக்குவது மற்றொன்று. வெயிலின் உஷ்ணத்தால் உள்ளேயுள்ள இரசாயன மாறுதல் சிறிது வேகம் பெறுவது உண்மையே. அதனால் இன்னும் சில நிமிடம் விளக்கெரியும். ஆனால் மெலிந்துபோன கூடு அந்த உஷ்ணத்தில் விரைவில் ஓட்டையாகும். கடித்தாலோ, அந்த இரசாயனம் நேரே வாய்க்கே வரும். சாதாரணக் கட்டையையும் ஆல்கலைனையும் சார்ஜரில் பொருத்தி நிரப்ப முயல்வதும் இவ்வாறே ஆபத்தானது.

கசிந்துவிட்டால் என்ன செய்வது? ஆல்கலைன் பாட்டரியில் கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு என்னும் கடுங்காரம். வெளியே வந்து காற்றுப் பட்டதும் வெண்மையான தூளாகப் படியும். அதனை வெறும் விரலால் சுரண்டலாகாது. கையுறை அணிந்துகொண்டு, அல்லது கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பாட்டரியை வெளியே எடுங்கள். பஞ்சில் சிறிது வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு தோய்த்து, பூத்த இடத்தைத் துடைத்து, பின்னர் சற்றே ஈரமான துணியாலும், முடிவில் உலர்ந்த துணியாலும் துடைத்து, நன்கு உலரவிட்ட பின்பே புதிய பாட்டரி போடலாம். கையில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடத்திற்குக் குறையாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவி, தாமதமின்றி மருத்துவரிடம் செல்லுங்கள்.

கசிவுக்கு மிகுதியாக ஆளாகிறவர்கள் நம்மைப் போல் வெளி மாநிலங்களில் வாழ்பவர்களே என்று சொல்லலாம். கோடை விடுமுறை வந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்படுகிறோம். ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ கழித்துத் திரும்புகிறோம். அந்நாட்களில் தில்லியிலும் நாகபுரியிலும் பூட்டிய வீடு அடுப்பைப் போல் காய்கிறது. மும்பைவாசிகள் திரும்பும்போதோ பருவ மழை தொடங்கி, சுவரெல்லாம் ஈரம் பூத்திருக்கும். உஷ்ணமும் பாட்டரிக்குப் பகை, ஈரமும் பகை. ஆகையால், எரிவாயு அடுப்பின் குழாயை மூடுவதையும் தண்ணீர்க் குழாயைத் திருகுவதையும் நினைவில் கொள்வது போல, பயணத்திற்கு முந்திய நாள் ரிமோட், டார்ச், பொம்மை, காஸ் கீசர் ஆகியவற்றின் பாட்டரிகளைக் கழற்றி ஒரு டப்பாவில் இட்டு வைப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் நெடுநாள் இருக்கும் என்பாரும் உளர். வெளியே எடுக்கும்போது அதன்மேல் நீர் கோத்துத் துருவேறுமாதலால், அது வேண்டுவதன்று. நிழலான, உலர்ந்த இடமே போதும்.

அந்த டப்பாவில் வைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். சாவி, நாணயம், ஊக்கு முதலியவற்றோடு பாட்டரிகளைச் சேர்த்துப் போடலாகாது. இரு முனைகளையும் ஓர் உலோகம் தொட்டால் மின்சாரம் தடையின்றிப் பாய்ந்து கொதிக்கும். முக்கியமாக, சதுர வடிவில் இரு முனைகளும் ஒரே பக்கத்தில் உள்ள 9 வோல்ட் பாட்டரி, பாத்திரம் துலக்கும் மெல்லிய இரும்பு நார் மீது பட்டாலே தீப்பற்றச் செய்துவிடும். அதன் முனைகளின் மேல் ஒட்டு நாடாவை ஒட்டி வைப்பது நன்று.

நேயர்களே, இதுவரை சொன்னவை பெரும்பாலும் பொருள் நஷ்டத்தைப் பற்றியவை. இனிச் சொல்லப்போவது உயிரைப் பற்றியது. குழந்தைகள் உள்ள வீட்டார், பேரக்குழந்தைகள் வந்துபோகும் வீட்டார் அனைவரும் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டுகிறேன்.

காசைப் போன்ற உருவமுள்ள பாட்டரிகளைப் பொத்தான் பாட்டரி என்கிறோம். கடையில் 'பட்டன் செல்' என்று வழங்கும். அவற்றுள் மிகுதியாகப் புழங்குவது 'சிஆர் 2032' என்பது. இக்குறியீட்டில் 20 என்பது அதன் விட்டம் 20 மில்லிமீட்டர் என்பதையும், 32 என்பது அதன் கனம் 3.2 மில்லிமீட்டர் என்பதையும் குறிக்கின்றன. அது லித்தியம் வகை. 3 வோல்ட் தருவது. சர்க்கரை பார்க்கும் கருவி, எடை பார்க்கும் கருவி, கார்ச் சாவி, சிறு ரிமோட்டுகள், மினுக்கும் அலங்கார விளக்குகள், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டைகள் ஆகியவற்றில் இவை அல்லது இவற்றைப் போன்ற சிறியவை இருக்கின்றன. பளபளவென்று மின்னும் இந்த வட்டத்தைக் கண்டால் சிறு குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். இருபது மில்லிமீட்டர் வட்டம் குழந்தையின் உணவுக் குழாயில் சிக்கி நின்றுவிடக் கூடியது.

காசை விழுங்கினால் ஆபத்து அது அடைத்துக்கொள்வதால் வருவது. பொத்தான் பாட்டரியை விழுங்கினால் ஆபத்து வேறு. குழந்தையின் எச்சிலும் உள் தசையின் ஈரமும் பாட்டரியின் இரு முனைகளையும் இணைத்துவிடுகின்றன. மின்சாரம் பாயத் தொடங்குகிறது. அதன் விளைவாக, பாட்டரியின் எதிர் முனை தொடுகின்ற இடத்தில் கடுங்காரம் உண்டாகிறது. சுண்ணாம்பு தின்று நாக்கு வெந்தவர்கள் காரம் என்ன செய்யும் என்பதை அறிவார்கள். இது அதனினும் பன்மடங்கு கொடியது. இரண்டே மணி நேரத்தில் உணவுக் குழாய் வெந்து புண்ணாகிவிடும். பின்னர் அது துளைபட்டு, பக்கத்திலுள்ள மூச்சுக் குழாயையும் பெரிய இரத்தக் குழாயையும்கூட அரித்துவிடலாம். பாட்டரியை வெளியே எடுத்த பின்னரும் அப்புண் பரவுவதுண்டு.

இங்கேதான் தீர்ந்த பாட்டரி தீர்ந்ததன்று என்னும் செய்தி உயிர்ச் செய்தியாகிறது. கருவியை இயக்க மாட்டாமல் நாம் கழற்றி எறிந்த பாட்டரியில், குழந்தையின் தொண்டையைப் புண்ணாக்கும் அளவு மின்சாரம் மிச்சமிருக்கிறது. புதியதைப் போட்டுவிட்டு, பழையதை மேசை மேலோ ஜன்னல் ஓரத்திலோ வைத்துவிட்டுப் போவது எவ்வளவு இயல்பாக நாம் செய்யும் காரியம்! அந்த ஒரு நிமிட அலட்சியமே போதும்.

குழந்தை விழுங்கியதை நாம் பார்த்திராவிட்டால், அடையாளங்கள் எளிதில் புலப்படா. திடீரென இருமல், வாயில் எச்சில் ஒழுகுதல், உணவை மறுத்தல், மார்பைப் பிடித்துக்கொண்டு அழுதல் ஆகியவை தோன்றலாம். ஒன்றுமே தோன்றாமலும் இருக்கலாம். ஐயம் ஏற்பட்டாலே போதும், காத்திருக்க வேண்டாம். வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். வாழைப்பழம் கொடுத்தால் இறங்கிவிடும், சோற்றுருண்டை கொடுத்தால் இறங்கிவிடும் என்று முயலாதீர்கள். எக்ஸ்ரே எடுக்கும் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லுங்கள். 112 என்ற அவசர எண் நாடு முழுவதும் பொதுவானது. குழந்தைக்கு ஒரு வயது நிறைந்திருந்து, விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரம் கடவாதிருந்து, அது விழுங்கக்கூடிய நிலையிலும் இருந்தால், போகும் வழியில் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன், ஆறு தடவை வரை கொடுக்கலாம் என்று மருத்துவ வல்லுநர் கூறுகின்றனர். தேன் அந்தக் காரத்தின் வேகத்தைச் சற்றுத் தணிக்கும். ஆனால் அது சிகிச்சை ஆகாது. வீட்டில் தேன் தேடி நேரத்தைக் கழிக்கவும் கூடாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.

மருத்துவமனையில் மொழி தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். பாட்டரி என்ற சொல் நம் நாட்டு மொழிகள் எல்லாவற்றிலும் விளங்கும். இந்தி வழங்கும் ஊராயின், "பச்சே நே பாட்டரி நிகல் லீ ஹை" என்று சொன்னால், குழந்தை பாட்டரியை விழுங்கிவிட்டது என்பது தெளிவாகிவிடும். காசு விழுங்கிவிட்டது என்று மாத்திரம் பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். எக்ஸ்ரே படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று போலவே தோன்றும். அதே வகைப் பாட்டரியோ, அதன் உறையோ வீட்டில் இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மூக்கிலோ காதிலோ பாட்டரியைத் திணித்துக்கொண்டாலும் இதே அவசரந்தான். அங்கே எண்ணெயோ சொட்டு மருந்தோ விட்டால் தீமை பெருகும்.

இந்த ஆபத்தை உணர்ந்து, ஆஸ்திரேலியாவில் 2022 ஜூன் முதல், பொத்தான் பாட்டரி போடும் அறையைக் குழந்தை திறக்க முடியாதபடி அமைத்தே பொருள்களை விற்க வேண்டும் என்னும் கட்டாயத் தரநிலை நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவிலும் 2022-ஆம் ஆண்டில் இதற்கெனச் சட்டம் இயற்றினார்கள். நாம் கடையில் பொருள் வாங்கும்போதே இதனைக் கவனிக்கலாம். பாட்டரி அறையின் மூடி திருகாணியால் முடுக்கப்பட்டதா, விரலால் தள்ளினாலே திறக்கிறதா என்று பாருங்கள். விரலால் திறப்பது, குழந்தை உள்ள வீட்டிற்கு ஆகாது. முன்பே வாங்கியிருந்தால், மூடியின் மேல் உறுதியான ஒட்டு நாடாவைச் சுற்றி ஒட்டிவிடுங்கள்.

முதியோருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. காது கேட்கும் கருவியில் இடும் சிறு பாட்டரி, காற்றிலுள்ள பிராணவாயுவைக் கொண்டு வேலை செய்வது. அதன் மேல் ஒட்டியுள்ள வண்ணத் தாளை உரித்ததும் காற்றுப் புகுந்து, அது உயிர் பெறுகிறது. மறுபடி தாளை ஒட்டினாலும் அதை முழுவதும் நிறுத்த முடியாது. எனவே வேண்டும்போதே உரிக்க வேண்டும். உரித்து ஒரு நிமிடம் காற்றாட வைத்த பின் கருவியில் இடுதல் நலம். இப்பாட்டரி உருவத்தில் மாத்திரையை ஒத்திருப்பதால், கண் மங்கிய பெரியவர்கள் மாத்திரை என்று எண்ணி விழுங்கிவிட்ட நிகழ்ச்சிகள் உண்டு. மருந்துப் பெட்டியும் பாட்டரிப் பெட்டியும் ஒருபோதும் ஒரே இடத்தில் இருக்கலாகாது.

இனி, கைபேசியிலும் பவர் பாங்கிலும் உள்ள லித்தியம்-அயான் பாட்டரிக்கு வருவோம். 1991-இல் விற்பனைக்கு வந்த இப்பாட்டரியை உருவாக்க வழி வகுத்த மூன்று அறிஞர்களுக்கு 2019-இல் இரசாயனத்திற்கான நோபல் பரிசு அளிக்கப்பட்டது. சிறு உருவத்தில் மிகுந்த சக்தியை அடக்கி வைத்திருப்பதே இதன் பெருமை. அதுவே இதன் அபாயமும் ஆகும். சார்ஜ் ஆகும்போது தலையணைக்கு அடியிலோ மெத்தை மேலோ வைக்காதீர்கள். உஷ்ணம் வெளியேற வழியில்லாமற்போகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இல்லாத பவர் பாங்கை மலிவு என்று கருதி வாங்காதீர்கள். பாட்டரி உப்பினால், அன்றே அதன் பயன்பாட்டை நிறுத்திவிட வேண்டும். உப்பியதைக் குத்துவதோ, அமுக்கி மூடுவதோ தீயை அழைப்பதற்கு ஒப்பாகும். விமானத்தில் ஊருக்குச் செல்கிறவர்கள், பவர் பாங்கைச் சரக்கோடு அனுப்பும் பெட்டியில் வைக்காமல், கையோடு எடுத்துச் செல்லும் பையிலேயே வைக்க வேண்டும் என்பது விதி.

இன்வெர்ட்டர் வைத்திருப்போர்க்கும் இரண்டு சொற்கள். அதில் உள்ளது காரீயமும் கந்தக அமிலமும் கொண்ட பாட்டரி. சார்ஜ் ஆகும்போது அதிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். ஆகவே அதனைக் காற்றோட்டமுள்ள இடத்திலேயே வைக்க வேண்டும். பூஜை விளக்கும் ஊதுவத்தியும் அதன் அருகே கூடா. நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரையே, குறித்த அளவு வரை மட்டும் ஊற்ற வேண்டும். குழாய் நீரிலுள்ள உப்புகள் அதன் ஆயுளைக் குறைத்துவிடும்.

இறுதியாக, பழைய பாட்டரிகளை எங்கே சேர்ப்பது? குப்பைக் கூடையில் போடுவது சரியன்று. தீயில் இடுவது ஒருபோதும் கூடாது, வெடிக்கும். 2001-இல் நம் நாட்டில் வகுத்த விதிகள் காரீய பாட்டரிகளுக்கு மட்டுமே உரியனவாக இருந்தன. 2022 ஆகஸ்டு மாதத்தில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், எல்லா வகைப் பாட்டரிகளையும் தம்முள் அடக்கின. பழையவற்றைத் திரும்பப் பெற்றுச் செப்பனிடும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. அவற்றை மற்றக் குப்பையிலிருந்து பிரித்து ஒப்படைக்கும் கடமை நம்முடையது. பாட்டரியின் மேல் குறுக்குக் கோடிட்ட குப்பைத் தொட்டிப் படம் காண்பது இதற்காகவே. முனைகளில் ஒட்டு நாடா ஒட்டி, மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்து, நிறைந்ததும் மின்னணுக் கழிவு பெறும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். இன்வெர்ட்டர் பாட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே திருப்பித் தரலாம். அதற்கு விலையும் கிடைக்கும்.

சொன்னவற்றையெல்லாம் ஒரே நாளில் செய்து முடிக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் நாளைக்கென்று ஒத்திவைக்க வேண்டாம். இன்றிரவு படுக்கைக்குப் போகுமுன், உங்கள் வீட்டில் பொத்தான் பாட்டரி உள்ள கருவிகள் எவையெவை என்று தேடிப் பாருங்கள். அவற்றின் மூடி இறுகியிருக்கிறதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள். மேசை இழுப்பறையிலும், அலமாரித் தட்டிலும், தையல் பெட்டியிலும் கழற்றிப் போட்ட பழைய வட்டங்கள் கிடந்தால் பொறுக்கி எடுத்து, டப்பாவில் இட்டு மூடுங்கள். பத்து நிமிட வேலைதான்.